ஒரு குண்டூசி நேரம்

செம்மேட்டிலிருந்து காலையில் கீழே இறங்கும் பேருந்து அவளுக்காக நிற்கும். எனக்காக அது நின்றதே இல்லை. நிற்க வேண்டிய தேவை வந்ததில்லை. பேருந்து வந்து வட்டமடித்துத் திரும்புவதற்கு முன்பே நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே இருப்பேன். நேரத்துக்கு வருகிறவளை யாரும் கவனிப்பதில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

கண்டக்டர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கடைத்தெருவைப் பார்ப்பார்.

"தையக்கார அக்கா வரோணும்."

அவ்வளவுதான். டிரைவர் எஞ்சினை அணைத்துவிடுவார். பலாப்பழம் ஏற்றியவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஊருக்கு வந்துவிட்டு விடுதிக்கும் வகுப்புக்கும் திரும்பும் நான், எல்லோரும் உட்கார்ந்திருப்போம். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவள் வந்த பிறகுதான் தொடங்கும். அவள் ஓடி வந்து நான் பார்த்ததில்லை. சந்தையில் நூல் வாங்கக் கொண்டுபோகும் துணிப்பையை வீசிக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு, பாதி வழியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு வருவாள். படியேறியதும் உள்ளே ஒரு பார்வை பார்த்து, "எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்பாள். பேருந்தே சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இதை எழுதும்போது 'அவர்' என்று போட்டுப் பார்த்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை.

செம்மேட்டுக் கடைத்தெருவில் ஒற்றை அறையில் தையல் கடை வைத்திருந்தாள். மலையடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கத்துக்காரி. கட்டிக்கொடுத்த இடத்தை விட்டுவிட்டு மலைக்கு ஏன் ஏறி வந்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், பாதி வரைக்கும். "அன்னைக்கு அந்த மனுசன் வந்து கதவைத் தொறந்தாரு பாருங்க..." என்று சொல்லும்போது யாராவது ரவிக்கைத் துணியோடு வந்து நிற்பார்கள். கதை அங்கேயே நின்றுவிடும். கதவைத் திறந்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவருமே தாங்களாக முடித்துக்கொண்டவர்கள். அவள் யாருக்கும் முடித்துச் சொல்லவில்லை. எனக்கு அது கதவு வரைக்கும்கூட வந்ததில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவள் உதட்டோரத்தில் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசிகள் இருக்கும். துணியில் குத்துவதற்காகக் கடித்து வைத்திருப்பாள். ஆகவே எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள். ஒரு குண்டூசியை எடுத்து மார்புச் சேலையில் குத்துவாள். அடுத்ததை எடுப்பாள். கேட்டவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசி ஊசியும் வந்த பிறகு அவள் சொல்வது பெரும்பாலும் "நாளைக்கு" என்ற ஒரு சொல்தான். ஆனால் அத்தனை நேரம் காத்திருந்த பிறகு வருவதால் அந்த 'நாளைக்கு' ஏதோ வரம் கிடைத்த மாதிரி இருக்கும். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் முகூர்த்த ரவிக்கை வரவில்லை. மணப்பெண் பழைய ரவிக்கையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஐயர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். தையல்காரியைப் போய் இழுத்து வருகிறேன் என்று நான் கிளம்பியபோது தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள், கையில் அந்த ரவிக்கையை விசிறி மாதிரி மடித்து வைத்துக்கொண்டு.

"ஏனுங்க்கா, நேரம் தெரியுதுங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியுது காலேஜு. பொண்ணு இல்லாம தாலி கட்ட மாட்டாங்கல்ல?"

என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். காலேஜு. ரவிக்கை மணப்பெண்ணின் மேல் தோல் மாதிரி உட்கார்ந்தது. அழுதவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாண வீட்டில் எல்லோரும் தைத்தவளை உட்காரவைத்து இலை போட்டார்கள். விடியற்காலையிலிருந்து பூக்கட்டிய என்னிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

தையல் கடைக்குப் பக்கத்துச் சுவர், ஸ்டூடியோ அண்ணனுடையது. போட்டோவும் கல்யாண வீடியோவும் எடுப்பார். உள்ளே அருவி வரைந்த திரை ஒன்று தொங்கும். ஆகாய கங்கையில் நிஜமாகவே குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, அந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் எங்கள் ஆட்கள். திரைக்குப் பின்னால் அவர் ஒரு கீபோர்டு வைத்திருந்தார். பேளுக்குறிச்சியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வருவார்கள். அண்ணன் பம்பை, தம்பி உறுமி. கோயில் திருவிழாவுக்கும் சாவுக்கும் வாசிக்கிறவர்கள். நான் கல்லூரியில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கடையில் இருக்கிறாள், கூட்டுக்குரலுக்கு ஒரு தொண்டை கூடக் கிடைக்கும் என்று அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். இதுதான் எங்கள் செட்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேவனூர் நாட்டில், மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம், எங்கள் ஊரிலிருந்து கல்லூரி விடுதிக்குப் பெட்டியோடு போன முதல் பெண்ணும் நான்தான். பேருந்தின் பெயர்ப்பலகையை என் அப்பா நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். இதை நான் பெருமைக்காகவே சொல்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் இது என் கூடவே வந்து முன்னால் நின்றுகொள்ளும்.

ஸ்டூடியோ அண்ணன் ஒருமுறை நாமக்கல்லில் படம் பார்க்கப் போனார். இடைவேளை முடிந்ததும் வரப்போகும் இங்கிலீஷ் படம் ஒன்றுக்கு டிரெய்லர் போட்டார்கள். குதிரைகள், கோட்டை, தீ. படம் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த இசைக்குத் தியேட்டரே வாயடைத்துப்போனதை மட்டும் பார்த்தார். மறுநாளும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், சட்டைக்குள் ஒரு சின்ன டேப்ரிக்கார்டரை வைத்து அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இத நம்ம பம்பைக்கும் உறுமிக்கும் மாத்தறோம். கேசட்டு போடறோம். கல்யாண வீடியோவுக்கு முன்னால ஓட்டலாம், திருவிழாவுக்கு சாமி கெளம்பறப்ப போடலாம். ஆடிப் பதினெட்டுக்குக் கோயில்ல வெளியிடறோம்" என்றார்.

அப்பாவிடம் வந்து டிரெய்லர் இசைக்குப் பாடப்போகிறேன் என்று சொன்னேன். அவர் மரவள்ளிக் குச்சி நறுக்குவதை நிறுத்தினார்.

"டிராக்டருக்குப் பின்னால கோத்து இழுப்பாங்களே, அதுக்கு எதுக்குக் கண்ணு பாட்டு?"

விளக்கிச் சொன்னேன். புரிந்ததாகத் தலையாட்டினார். ஆனாலும் டிராக்டர் கம்பெனிக்கு என் மகள் பாடுகிறாள் என்றுதான் ஊரில் சிலருக்குச் சொல்லியிருந்தார். பிறகு நானே வீடு வீடாகத் திருத்த வேண்டியிருந்தது. "ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயில்ல வந்து கேளுங்க. நடுவுல ஒரு எடத்துல எல்லாம் நின்னுபோயி ஒத்தக் குரல் வரும். அது நான்" என்று. ஸ்டூடியோ அண்ணன் எனக்கு அந்த இடத்தைத்தான் கொடுத்திருந்தார்.

அந்த இசை இப்படி இருக்கும். முதலில் மலைச்சரிவில் பாறை உருண்டு வருகிற மாதிரி முரசுகள். அதன்மேல் வயலின்கள் அழும், ஒரு பெரிய கூட்டம் எந்த மொழி என்று தெரியாத மொழியில் பாடும். வேகம் ஏறும், ஏறும், இதற்குமேல் ஏற முடியாது என்கிற இடத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் 'கிர்ர்ர்ர்' என்று ஒரு விநோதமான ஓசை. அதன் பிறகு ஒரு பெண்ணின் ஒற்றைக் குரல். அது முடிந்த கையோடு இடி.

உறுமி அந்த வயலின்களின் அழுகையை அப்படியே வாங்கிக்கொண்டது. எட்டுக்கை அம்மன் கோயிலில் பூசாரிக்கு அருள் வருவதற்கு முன்னால் ஒரு உறுமல் கேட்குமே, அந்த அடியையே பம்பைக்காரர் முரசுக்கு வைத்தார். கூட்டுக்குரலுக்கு நான் "ஏறு மலை ஏறு, இடியே நீ கூறு" என்று எழுதிக்கொடுத்தேன். ஒற்றைக்குரலுக்கு "வருகிறேன் நான் வருகிறேன், மலைமகள் நான் வருகிறேன்" என்று எழுதி, சுத்தமாக உச்சரித்துப் பழகினேன். அந்தக் 'கிர்ர்ர்ர்' ஓசைதான் யாருக்கும் பிடிபடவில்லை. வெளிநாட்டில் ஏதோ வாத்தியம் இருக்கும் என்றார் ஸ்டூடியோ அண்ணன். உறுமிக்காரத் தம்பி சீப்பால் பார்த்தான், கரும்பலகையில் கீறிப் பார்த்தான். கடைசியில் பக்கத்துத் தையல் கடையிலிருந்து இரும்பு ஸ்கேலை வாங்கி வந்து ஜன்னல் கம்பிகளில் இழுத்தான். அச்சு அசலாக வந்தது. எல்லோரும் கைதட்டினோம். ஸ்கேலைக் கொடுத்தவள் வாசலில் நின்று, ஊசிகளைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டுக்குரலுக்குக்கூட அவள் நேரத்துக்கு வந்ததில்லை. என் வரிகளை அவள் மனப்பாடம் செய்யவில்லை. இரண்டு வரிக்கு ஒருமுறை வெறும் "ஓ" என்று இழுப்பாள். அவள் குரல் இனிமையான குரல் கிடையாது, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கனமாக, கொஞ்சம் கரகரப்போடு இருக்கும், ஈரக் கம்பளி மாதிரி.

ஒருநாள் விடுதித் தோழிகளோடு நாமக்கல்லில் அதே தியேட்டருக்குப் போயிருந்தேன். இடைவேளை முடிந்து விளக்கு அணைந்துவிட்டது. திரையில் ஏதோ விளம்பரம். இருட்டில் எனக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், அந்த ஓசை கேட்டது.

கிர்ர்ர்ர்.

திரும்பினேன். சோடா விற்கிற பையன். கையிலிருந்த ஓப்பனரைப் பெட்டியிலிருந்த பாட்டில்களின் மேல் ஒரு இழு இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்வரிசையில் "உக்காரும்மா" என்று சத்தம் போட்டார்கள். அந்தப் படத்தில் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. மலையில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் அவர்கள் நடுவில் வைக்கப்போகும் நேரத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த ஒத்திகையில் எல்லோரும் உட்காரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அது சோடா."

"எது சோடா?"

"அந்தக் கிர்ர்ர்ர். தியேட்டர்ல சோடா விக்கறவன் பாட்டில் மேல இழுக்கற சத்தம். உங்க டேப்புல அதுவும் சேந்து விழுந்திருக்குது."

ஸ்டூடியோ அண்ணன் டேப்பை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறை ஓட்டும்போது காதைப் பிடித்துக்கொண்டார்.

பம்பைக்காரர் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, அப்ப இத்தன நாளா நீ சோடாவா வித்துக்கிட்டிருந்த?"

"நல்லாத்தான வித்தேன், அண்ணே?"

அவர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். என்னைப் பாராட்டப்போகிறார்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். அப்போது வாசலில் அவள் ஒரு குண்டூசியை எடுத்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். அடுத்ததை எடுத்தாள்.

"அதுதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள்.

"ஏனுங்க்கா சொல்லல?" இது நான்.

"நீங்க யாரும் கேக்கலியே காலேஜு. கேக்கறதுக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

மீண்டும் சிரிப்பு. நான் கொண்டுவந்த செய்தி, நான் நின்ற இடத்திலேயே அவளுடையதாகிவிட்டது. ஸ்கேலை எடுத்துக்கொடுத்ததே அவள்தான் என்று நினைத்தபோது என் காது சுட்டது.

"சோடா இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் உறுமிக்காரன்.

"கீழ இருக்கறவங்களுக்குத் தெரியும்" என்றேன். "கேசட்டு வெளிய போகுது. நாமக்கல்லுல ஒருத்தன் கேட்டாப் போதும். மலைக்காரங்களுக்குச் சோடாவுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். விடுதியில எனக்கு இது நடந்திருக்குது. உங்களுக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றே சொல்வேன். ஸ்டூடியோ அண்ணன் தலையாட்டினார். சோடா எடுக்கப்பட்டது.

அது போன பிறகுதான் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. இத்தனை நாளும் அண்ணனும் தம்பியும் அந்தக் 'கிர்ர்ர்ர்' ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்கிறார்கள். இப்போது பம்பை முந்திக்கொண்டது. அடுத்த தடவை உறுமி பிந்தியது. நான் ஒரு வழி சொன்னேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, ஐந்தில் நான் எடுக்கிறேன், என் வரி முடிந்ததும் நீங்கள் அடியுங்கள். அப்படியே செய்தோம். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக விழுந்தது.

பம்பைக்காரர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சரியாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எழுந்து நின்னு பாடம் ஒப்பிக்கறாப்பல இருக்குது."

"அப்ப எவ்வளவு நேரம்தான் விடோணும்? சொல்லுங்க, அவ்வளவு நேரம் விடறேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பிதான் சொன்னான். "அக்கா வாயிலிருந்து குண்டூசி எடுக்கற நேரம்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஸ்டூடியோ அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏக்கா, நீ ஒருக்கா வந்து பாரு" என்றார்.

அவள் வந்தாள், எப்போதும் வருகிற மாதிரி. அருவித் திரையை ஒதுக்கி, கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று, தோள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பம்பையும் உறுமியும் ஏறின. இதற்குமேல் ஏற முடியாத இடத்தில் நின்றன. அவள் ஊசிகளோடுதான் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றை எடுத்தாள். அண்ணன் தம்பி இருவர் கையும் அந்தரத்தில் தொங்க, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எங்கேயோ வழுக்கிவிட்டது. இரண்டாவது ஊசியை எடுத்தாள். சொல்லப்போகிறாளா, நாளைக்கு என்று சொல்லிவிடுவாளா என்கிற பயம் எனக்கே வந்தது.

என் வரி அவளுக்குத் தெரியாது. ஆகவே தெரிந்ததைப் பாடினாள்.

"வாரே...ன்."

அந்த ஒரு சொல்தான். எங்கள் பக்கத்தில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கூப்பிட்டால் பதிலுக்கு வருமே, அதே சொல், அதே இழுப்பு. வீட்டுக்குள் வரும்போதும் அதைத்தான் சொல்வோம், வீட்டை விட்டுப் போகும்போதும் அதைத்தான் சொல்வோம். இடி விழுந்தது. என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அதைத் தடவித் தடவி அடக்கினேன். என் உடம்பே என் பக்கம் இல்லை.

"கோரஸ்ல நீதான் கண்ணு முன்னால" என்றார் ஸ்டூடியோ அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஓட்டையை உண்டாக்கியவள் நான். சோடா இருந்திருந்தால் அந்த இடம் எனக்கே இருந்திருக்கும். இதை நினைத்துக்கொண்டு அன்று தேவனூர் வரைக்கும் நடந்தே போனேன். வீட்டில் அப்பா, ஆடிப் பதினெட்டுக்கு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமன் ஜீப் பேசிவிட்டார். "ஒத்தக் குரல் வாரப்போ எல்லாரும் வாய மூடிக்கோணும்னு சொல்லிட்டேன் கண்ணு." அந்தக் குரல் இப்போது என்னுடையது இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. கேசட்டில் பதிவாகி, மேலட்டையில் அருவிப் படம் போட்டு வந்த பிறகும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லா வாக்கியத்திலும் அவள் இருந்தாள்.

வெளியீட்டுக்கு எனக்கு ஒரு ரவிக்கை தைப்பதாக அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. அளவு நாடாவைக்கூட எடுக்காமல், "கையத் தூக்கு காலேஜு, திரும்பு" என்று பார்த்துக்கொண்டாள். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் நான் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தேன். அவள் கொக்கி மாட்டக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப் இரண்டு போய்விட்டது. "இன்னும் ஒரே ஒரு கொக்கி" என்றாள். பிறகு இன்னும் ஒன்று.

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இடத்துக்கு நான் தாமதமாகப் போனேன். அறப்பளீஸ்வரர் கோயில் முன்னால் கூட்டம் மலை மாதிரி குவிந்திருந்தது. என்னைக் கண்டதும் அத்தை கையைத் தட்டிக் கூப்பிட்டாள். பெரியப்பா எழுந்து நின்றார். "வந்துட்டா, வந்துட்டா" என்று யாரோ சொன்னார்கள். அப்பா துண்டை எடுத்து எனக்கு இடம் துடைத்தார். என்னை இதுவரை யாரும் இப்படித் தேடியதில்லை. அது அவளுடைய தயவில் எனக்குக் கிடைத்தது என்பதுதான் பொறுக்கவில்லை. அவளும் என் பின்னாலேயே வந்து நின்றாள். ரவிக்கை தோல் மாதிரி பொருந்தியிருந்தது. அவசரத்தில் கட்டிய சேலைதான் தோளில் நிற்காமல் சரிந்தது.

"நில்லு, ஊக்கு குத்தறேன்" என்று அவள் ஒரு சேப்டி பின்னைக் கடித்துக்கொண்டு என் மடிப்பைக் கையில் எடுத்தபோதுதான் மைக் செட்டில் எங்கள் கேசட்டைப் போட்டார்கள்.

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து பம்பை இறங்கியது. ஆகாய கங்கைக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். வளையல் கடைக்காரர் எழுந்துவிட்டார். கூட்டுக்குரலில் என் வரிகள் வந்தன. அவை யார் காதிலாவது விழுந்தனவா என்று தெரியவில்லை. ஏறியது, ஏறியது, நின்றது.

மைக் செட்காரர் துள்ளி எழுந்தார், டேப் சிக்கிக்கொண்டது என்று. கேசட்டைத் திறக்கப் போன கையை ஸ்டூடியோ அண்ணன் எட்டிப் பிடித்துக்கொண்டார். அத்தனை சனமும் குழாயை அண்ணாந்து பார்த்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த நிசப்தத்தில், பொரிக்கடைப் பக்கமிருந்து, தெளிவாக வந்தது.

கிர்ர்ர்ர்.

கூட்டத்தில் ஒரு சோடாக்காரன். அவனுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும், சனம் நின்றால் அவனுக்கு வியாபாரம். உறுமிக்காரத் தம்பி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், வாயில் ஊக்கோடு. அவள் கண் சிரித்தது. என் கண்ணும் சிரித்துவிட்டது, நான் சொல்லாமலே.

"வாரே...ன்" என்றது குழாய்.

"வா சாமி, வா" என்று படியில் நின்ற ஒரு பெரியவர் நிஜமாகவே பதில் சொன்னார். பிறகு இடி.

அப்பா சுற்றிலும் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களா? எம்புள்ள."

அத்தை தாடையில் கைவைத்தாள். "இது நம்ம புள்ள கொரலாட்டம் இல்லியே, அண்ணா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏங் கண்ணு, அது நீதான?"

பெரியப்பா பார்த்தார். மாமன் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அப்பா இத்தனை பேர் நடுவில் தலைகுனிந்து உட்காரப் போவதை நினைத்தேன். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொருத்தியின் குரலை என் குரல் என்று சொல்கிற அளவுக்கு நான் இறங்க மாட்டேன், அதுவும் அவளுடையதை. என் தோளில் அவள் கை இருந்தது. அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்து ஊக்கை எடுத்தாள். என் மடிப்பைச் சேர்த்துப் பிடித்தாள். ஊக்கைக் குத்தினாள். பூட்டினாள். என் குடும்பம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும்தான்.

"கொரலு என்னுதுங்க" என்றாள். "அதுக்கு முன்னால ஒரு சத்தமும் இல்லாம நின்னுச்சே, பாத்தீங்களா? அத வெச்சது உங்க புள்ளதானுங்க. அது இல்லாட்டி நா எங்கீங்க வாரது?"

அப்பா குழாயை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"இத்தன சனமும் அண்ணாந்து பாத்துச்சே, அதா?"

"அதேதானுங்க."

அன்றிலிருந்து ஊரில் அப்பா சொல்வது இதுதான். "எல்லாரும் சத்தம் போட்டாங்க. நடுவுல எல்லாத்தையும் நிறுத்துனது எம்புள்ள." ஊரும் நம்பியது. சின்ன வயதிலிருந்தே எல்லோரையும் பேசாதே, படிக்க வேண்டும் என்று அதட்டியவள்தானே நான்.

அவள் என் இடத்தை வாங்கிக்கொண்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் அந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை. அதில் ஒரு பொய் இல்லை. அப்பாவும் தலை குனியவில்லை. படித்தவள் நான். அது என் வாயில் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அவள் போய்விட்டாள். கதவைத் திறந்த அந்த மனிதனே வந்து கூட்டிப்போனான் என்றார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். இதையும் அவள் யாருக்கும் முடித்துச் சொல்லவில்லை. கடையைப் பூட்டும்போது நான் அந்தப் பக்கமாகப் போனேன். "வாரேன் காலேஜு" என்றாள். வருவதற்கும் போவதற்கும் அந்த ஒரு சொல்தான் என்பதால் எனக்கு அப்போது புரியவில்லை. அவள் காலடியில் ஒரு பெட்டி இருந்தது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அடுத்த சந்தை நாளில் பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஒலிப்பானை அடித்துவிட்டு எஞ்சினை அணைத்தார். கண்டக்டர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கடைத்தெருவைப் பார்த்தார்.

"தையக்கார அக்கா வரோணும்."

யாரும் முணுமுணுக்கவில்லை. அவள் வரமாட்டாள் என்று அந்தப் பேருந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வழக்கமாக இருந்தால் கேட்ட நொடியிலேயே சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். பூட்டிய கடையைப் பார்த்தேன். தோளிலிருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்தேன். மடியிலிருந்த பையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினேன்.

"அவங்க வரமாட்டாங்க" என்றேன்.

பேருந்து முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.